வன்னியில் பஸ் பிடித்துப் போய், பொழுதுபட முன் வீடு திரும்ப: ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்குள் எங்கே போவதென்றாலும், திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். போகும் பஸ்ஸை அப்புறம் பார்க்கலாம். காலையில் ஊரிலிருந்து வெளிக்கிட எப்படியும் ஏதாவது ஒன்று கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோருக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் பஸ்ஸும் அந்த நேரத்துக்கு வரும். பின்னேரம் அப்படியில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மாங்குளம் சந்தியில் நின்றுகொண்டு "மல்லாவிக்கு இனி பஸ் இருக்கோ அண்ணை?" என்று கேட்கும் நிலை வந்தால், ஓட்டோக் கூலியிலேயே கையில் இருந்த காசு போய்விடும்.

வன்னிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், அறிவியல்நகருக்குப் படிக்க வரும் பிள்ளைகளும், கிளினிக்குக்காக மாதாமாதம் நகரத்துக்கு ஓடுகிற உள்ளூர்க்காரர்களும், வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருபவர்களும் இதை வாசிக்கலாம். சொந்த வாகனம் உள்ளவர்களுக்கு இதில் பாதிதான் தேவைப்படும். இல்லாதவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: ஊர்களை விடுங்கள், சந்திகளைப் பாடமாக்குங்கள்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் என்ற நான்கு மாவட்டங்களின் பெருநிலப்பரப்பைத்தான் வன்னி என்கிறோம். காடும் குளமும் வயலும் அதிகம், ஆட்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் நேரடி பஸ் இருக்காது. ஒரு பெரிய வீதி, அதில் ஒரு சந்தி, சந்தியிலிருந்து உள்ளே போக இன்னொரு பஸ். பெரும்பாலான பயணங்கள் இப்படித்தான் அமையும்.

முதுகெலும்பு ஏ9 வீதி. வவுனியாவிலிருந்து வடக்கே ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வரிசையாக வரும். இந்த வரிசையை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிளைகள் பிரிவது இப்படி. புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி, அதைத் தாண்டினால் முல்லைத்தீவுப் பக்கம். மாங்குளத்தில் கிழக்கே ஏ34 வீதி ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவுக்குப் போகும், சுமார் 50 கிலோமீற்றர். அதே மாங்குளத்தில் மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய், கடைசியில் கடலோரமாக வெள்ளாங்குளம். பரந்தனில் கிழக்கே ஏ35 வீதி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் கடந்து, வட்டுவாகல் பாலத்தால் முல்லைத்தீவுக்குள் இறங்கும். பரந்தனில் மேற்கே பூநகரி. கிளிநொச்சி நகரிலிருந்து வட்டக்கச்சி, இராமநாதபுரம் ஒரு பக்கம். அக்கராயன், ஸ்கந்தபுரம், ஜெயபுரம் மறுபக்கம்.

மேற்குக் கரையில் ஏ32 வீதி தனியாக ஓடுகிறது. மன்னாரிலிருந்து விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி வழியாகப் போய், சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு முழங்காவில்காரர் யாழ்ப்பாணம் போகக் கிளிநொச்சிக்கு வர வேண்டியதில்லை. இன்னும் பழைய பழக்கத்தில் கிளிநொச்சி சுற்றிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மன்னார்–யாழ்ப்பாணம் பஸ் எத்தனை மணிக்கு உங்கள் சந்தியைக் கடக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் நேரமும் காசும் மிச்சம்.

ஒரு சின்ன விஷயம். இங்கே இடங்களைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். கிளிநொச்சியில் "155ஆம் கட்டையில் இறங்குங்கோ" என்றால் அது பழைய மைல் கல்லின் எண். டிப்போச் சந்தி, கரடிப்போக்குச் சந்தி, கந்தசாமி கோயிலடி என்பவையும் இப்படி எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள்தான். நடத்துனரிடம் வீட்டு முகவரியைச் சொல்வதைவிட இவற்றில் ஒன்றைச் சொன்னால் உடனே விளங்கும்.

படி 2: பலகையில் ஊர்ப்பெயர் பார்த்தால் போதாது, பாதையைக் கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "முல்லைத்தீவு" என்று பலகை போட்ட பஸ் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. வவுனியாவிலிருந்து வருவது மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம், அல்லது புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போகலாம். கிளிநொச்சியிலிருந்து போவது பரந்தன், புதுக்குடியிருப்பு வழி. நீங்கள் ஒட்டுசுட்டானுக்குப் போக வேண்டியவர் என்றால், புதுக்குடியிருப்பு வழி பஸ்ஸில் ஏறிப் பயனில்லை. ஏறுமுன் "எந்தப் பாதையால போகுது?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது நகரத்துக்குள் இல்லை, மாஞ்சோலையில் இருக்கிறது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நகரத்தில். இரண்டு அலுவலையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எதை முதலில் முடிப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வெளிக்கிடுங்கள்.

வரைபடத்தில் தெரியும் தூரத்தையும் நம்பிவிடாதீர்கள். கொக்கிளாயும் புல்மோட்டையும் எதிரெதிராகத் தெரியும். நடுவில் களப்பின் முகத்துவாரம் கிடக்கிறது. வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ரயில் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தலைமன்னார் பாதை மதவாச்சியில் பிரிகிறது, வவுனியாவைத் தொடுவதே இல்லை. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் பூவரசங்குளம், பறையனாலங்குளம் வழி பஸ்தான் சரி.

படி 3: எந்த பஸ், யாருடைய பஸ்

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச) சிவப்பு நிற பஸ்ஸுக்கு வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு இடங்களிலும் டிப்போ உண்டு. மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சீசன் ரிக்கற் இதில்தான். காட்டோரக் கிராமங்களுக்குள் நுழைந்து வருவதும் பெரும்பாலும் இந்தச் சிவப்பு பஸ்தான். தனியார் பஸ்கள் பெரிய வீதிகளில் அடிக்கடி ஓடும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுப்பது வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் தாண்டி ஓடுவதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. முறைப்பாடு செய்யும் நாளில் இந்த வித்தியாசம் தேவைப்படும்.

ஏ9இல் இரண்டு வகை ஓடும். வவுனியா–யாழ்ப்பாணம் பஸ் கை காட்டிய இடமெல்லாம் நிற்கும். 87 இலக்கமுள்ள கொழும்பு–யாழ்ப்பாணம் பஸ் தூரப் பயணிகளுக்கானது. கனகராயன்குளத்தில் ஏறி மாங்குளத்தில் இறங்குகிறவரை அது ஏற்றாமல் போகலாம், ஏற்றினாலும் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பஸ்ஸுக்கும் அரைச் சொகுசுக்கும் குளிரூட்டிய பஸ்ஸுக்கும் கட்டணம் வேறு வேறு.

வவுனியாவில் பஸ் நிலையம் இரண்டு: நகரின் நடுவே பழையது, யாழ்ப்பாண வீதியில் புதியது. உங்கள் பஸ் எதிலிருந்து வெளிக்கிடுகிறது என்று முதல் நாளே ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். கையில் பெட்டியும் பிள்ளையுமாக ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடுவது லேசான காரியம் இல்லை.

படி 4: ரயிலை எப்போது நம்பலாம்

1990இல் நின்றுபோன வடபாதை ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. வன்னிக்குள் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அறிவியல்நகர், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது. நகர்சேர் ரயில் சின்ன நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். யாழ்தேவி போன்றவை அதைவிடக் கூடுதலான இடங்களில் நிற்கும். ரிக்கற் எடுக்கும்போது "மாங்குளத்தில நிக்குமோ?" என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

கொழும்புக்குப் போக ரயில் நல்லது, சந்தேகமில்லை. வயதானவர்களுக்கும் சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் கழிப்பறை வசதி ஒன்றே போதுமான காரணம். ஆசனம் முன்பதிவு செய்வதென்றால் அடையாள அட்டை இலக்கம் வேண்டும். நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு நாட்களில் நேரத்தோடு பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. வன்னிக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக ரயிலை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். நாளுக்குச் சில ரயில்கள்தான். வவுனியாவுக்கு வடக்கே ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வரும் ரயிலுக்காகக் காத்து நிற்பதும் உண்டு.

மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் மடு வீதி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அங்கிருந்து 10 கிலோமீற்றருக்கு மேல் காட்டு வீதி.

படி 5: ஒரு பயணத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுவது

மல்லாவியில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக். எப்படித் திட்டமிடுவது?

முதலில் மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குக் கடைசி பஸ் எத்தனை மணி என்று உள்ளூரில் கேளுங்கள். அந்த பஸ்ஸில் வேலை செய்பவரிடமே கேட்பது உத்தமம். சந்திக் கடைக்காரருக்கும் தெரியும். கிடைத்த நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் கழியுங்கள், மாங்குளத்தில் நீங்கள் நிற்க வேண்டிய நேரம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளம் சுமார் 100 கிலோமீற்றர். பஸ்ஸுக்கு இரண்டரை மணித்தியாலம், தாமதத்துக்கு இன்னும் அரை. மொத்தம் மூன்று மணித்தியாலத்தைக் கழித்தால், யாழ்ப்பாணத்தில் பஸ் ஏற வேண்டிய நேரம் வரும். கடைசி பஸ் ஐந்தரைக்கு என்று வைத்துக்கொண்டால், அம்மா இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டாக வேண்டும்.

இனி முன்பக்கம். காலையில் கிளினிக்கில் இலக்கம் எடுக்க வேண்டும், மருந்து வாங்க வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் இதெல்லாம் முடிய, எட்டு மணிக்கு முன் வைத்தியசாலையில் நிற்பது நல்லது. அப்படியென்றால் மல்லாவியிலிருந்து மாங்குளம்வரை உள்ள சுமார் 20 கிலோமீற்றரை விடியப்புறமே கடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லையென்றால் மகன் மோட்டார் சைக்கிளில் மாங்குளம்வரை கொண்டுபோய் விடலாம், அல்லது முதல் நாளே ஓட்டோ பேசி வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் மத்திய பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலைக்கு நடந்தே போகலாம், அங்கே ஓட்டோ தேவையில்லை. காசு ஒதுக்குவதானால் விடியக்காலை ஓட்டோவுக்கு ஒதுக்குங்கள்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால்? கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கிளினிக்கை மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எல்லா நோய்க்கும் முடியாது. ஆனால் தூரத்தையும் பஸ் நேரத்தையும் எடுத்துச் சொல்ல நோயாளிகள் கூச்சப்படுகிறார்கள், அது வேண்டாம். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளில் என்ன கிளினிக் நடக்கிறது என்பதையும் விசாரித்து வைத்திருங்கள்.

படி 6: பஸ்ஸுக்குள்

சில்லறை கொண்டுபோங்கள். காலை முதல் பஸ்ஸில் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மிச்சக்காசு ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதப்படும். இறங்கும்போது கேட்டு வாங்க மறந்துவிடுவோம். கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுவதால் போன வருடக் கணக்கை வைத்து வாதாட வேண்டாம், பஸ்ஸில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

எங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லிவிடுங்கள். காட்டுக்கு நடுவே ஒரே மாதிரி வீதி போகும், இரவில் எந்தக் குளக்கட்டு என்று உள்ளூர்க்காரருக்கே பிடிபடாது. இடம் வருமுன் எழுந்து கதவடிக்கு வந்து "இறக்கம்" என்று உரத்துச் சொன்னால் போதும்.

ஏ9 பஸ் முறிகண்டியில் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் திருநீறு பூசிக்கொண்டு வருவார், பயணிகள் தேங்காய் உடைப்பார்கள், கடகத்தில் சுடச்சுட வறுத்த கச்சான் விற்கும் அக்காமார் யன்னலடிக்கு வந்து நிற்பார்கள். இந்தத் தரிப்பை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாங்கவும் கால் நீட்டவும் இதுவே நல்ல இடம். இறங்குமுன் பஸ் இலக்கத்தைப் பார்த்து வைத்திருங்கள், அங்கே ஒரே நேரத்தில் பல பஸ்கள் நிற்கும்.

கிராம பஸ் ஆட்களை மட்டும் ஏற்றுவதில்லை. மருந்துப் பொதி, உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகம், அடுத்த ஊர் மாமிக்குக் கொடுத்துவிடும் பனங்கிழங்கு என்று எல்லாம் சாரதியின் பக்கத்தில் இருக்கும். நீங்களும் அனுப்பலாம். பொதியில் பெயர், இறங்கும் சந்தி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். பெறுபவர் பஸ் வருமுன் சந்தியில் நிற்க வேண்டும், அவருக்காக பஸ் காத்திருக்காது.

படி 7: சந்தியிலிருந்து வீட்டுவரை

ஓட்டோ என்றால் ஏறுமுன் கூலி பேசுங்கள். போக மட்டுமா, காத்திருந்து திரும்பக் கொண்டுவரவா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். உள்ளே போன ஓட்டோ வெறுமையாகத் திரும்ப வேண்டியிருப்பதால் கிரவல் வீதிக்குக் கூலி கூடும், அது நியாயம்தான். ஒரே சந்தியில் இறங்கியவர்களைக் கேட்டு மூன்று பேராகச் சேர்ந்து பிடித்தால் சமாளிக்கலாம். நல்ல ஓட்டோக்காரத் தம்பி ஒருவரின் இலக்கத்தைக் கைபேசியில் போட்டு வைத்திருங்கள். உள்ளூரில் அவர்தான் உங்கள் இரவு பஸ்.

ஆசிரியராக உள்கிராமத்துக்கு வருபவர்களுக்கு ஒரு யோசனை. பாடசாலையில் உங்களோடு படிப்பிக்கிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வான் பிடித்து வரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு.

இரணைதீவுக்குப் போகிறவர்கள் இரணைமாதாநகரிலிருந்து மீனவர் படகில்தான் போக வேண்டும். பஸ் போல நேர அட்டவணை எதிர்பார்க்காதீர்கள். காற்றையும் கடலையும் பார்த்து அவர்கள் சொல்வதுதான் நேரம்.

படி 8: மாரியும் இருட்டும்

ஒக்ரோபரிலிருந்து ஜனவரிவரை திட்டத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் உள்வீதிகள் மூடப்படும். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தால் கீழ்ப்பகுதி ஊர்களுக்கு பஸ் போகாமல் விடலாம். வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கமானது, தண்ணீர் மட்டத்தோடு கிடப்பது. மழை நாளில் முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் ஒட்டுசுட்டான் வழியையும் மாற்றாக மனதில் வைத்திருக்க வேண்டும்.

பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் ஓடுவதைத் தவிருங்கள். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த தார் வீதியின் சூட்டுக்குக் கட்டாக்காலி மாடுகள் வீதியிலேயே வந்து படுக்கும். எதிரே வரும் பெரிய வாகனத்தின் வெளிச்சத்தில் கறுத்த மாடு கண்ணில் படவே படாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானையும் வரும். யானையைக் கண்டால் ஹோன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தித் திரும்பிவிடுங்கள்.

உள்வீதிகள் ரயில் பாதையைக் கடக்கும் இடங்கள் பலவற்றில் காவலாளியோ தடையோ இல்லை. ரயில் வரும் நேரம் தெரியும் என்று நம்பிக் கடக்காதீர்கள். நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, காதில் ஏதும் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுக் கடவுங்கள்.

திருவிழா நாட்களில் கணக்கே மாறும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம். இந்த நாட்களில் விசேட பஸ்கள் விடுவார்கள், ஆனால் அவற்றுக்காக வழமையான கிராம பஸ் எடுக்கப்பட்டிருக்கவும் கூடும். கோயிலுக்குப் போகாதவர்களும் அந்த நாட்களில் டிப்போவில் விசாரித்துவிட்டு வெளிக்கிடுவது நல்லது.

அவசர நோயாளி என்றால் பஸ்ஸையோ ஓட்டோவையோ தேடி ஓடாமல் 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை. அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்துச் சந்தி, கோயில், பாடசாலை எதையாவது சொல்லுங்கள். முடிந்தால் ஒருவரைச் சந்தியில் ரோச்லைற்றோடு நிறுத்துங்கள்.

படி 9: உங்கள் ஊருக்கு பஸ்ஸே இல்லை என்றால்

பஸ் நிற்காமல் போனால், கூடுதல் காசு வாங்கினால், சொன்ன இடத்துக்குப் போகாமல் இடையில் இறக்கிவிட்டால் பஸ்ஸின் இலக்கத்தகடு, திகதி, நேரம், இடம் நான்கையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் 1955. சிவப்பு பஸ் என்றால் அந்த டிப்போ முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சேவை கேட்பது வேறு வேலை, அதை ஊராகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். வருமானம் குறைந்த கிராம வழிகளுக்கு உதவி கொடுத்து பஸ் ஓடவைக்கும் கெமி செரிய, மாணவர்களுக்கான சிசு செரிய என்ற திட்டங்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கம் கடிதம் எழுதட்டும். "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது கோப்பில் தூங்கும். எத்தனை குடும்பம், எந்தப் பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் எத்தனை கிலோமீற்றர் நடக்கிறார்கள், கிளினிக் நாட்கள் எவை, வீதியில் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா, எந்தப் பாலம் பழுது என்பதையெல்லாம் எழுதுங்கள். பாடசாலை அதிபரும் கிராம அலுவலரும் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கட்டும். பிரதிகள் பிரதேச செயலகத்துக்கும் டிப்போவுக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் போகட்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லி உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள்.

பஸ் வந்த பிறகு அதைத் தக்கவைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. தெரிந்த நடத்துனர், பாதித் தூரம்தானே என்று ரிக்கற் இல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு இறங்குவது நம்மிடம் உள்ள பழக்கம். அந்த வழியில் ஆள் ஏறுகிறதா என்று டிப்போ பார்ப்பது ரிக்கற் கணக்கை வைத்துத்தான். பத்து ரூபா குறைத்து வாங்கினாலும் வேண்டாம் என்று சொல்லி, ரிக்கற்றைக் கேட்டு வாங்குங்கள்.